பிழை இல்லை என்று எழுதியவள்

செல்வம் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றபோது அவன் ஒரு கையில் கறிபாப் பலகாரப் பொட்டலம் இருந்தது. இன்னொரு கையில் ஒரு முழ நீளத்துக்கு ஒயர். ஒயரின் ஒரு முனையில் பச்சை பூத்திருந்தது. உப்புத் தண்ணீரில் கிடந்த செம்புக்கு வரும் பச்சை அது.

“பசியாறிட்டீங்களாக்கா?”

“இன்னும் இல்ல. என்னப்பா, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?”

கறிபாப்பை மேசையில் வைத்தான். ஒயரையும் அதன் பக்கத்திலேயே வைத்தான். நான் சட்டென்று ஒயரை ஒரு பேனாவால் ஓரமாகத் தள்ளினேன். என் மேசை அவ்வளவு சுத்தமாக இருக்கும் அந்தக் காலத்தில்.

“அக்கா, உங்க கம்பைலர் என் வரிய முழுங்கிருச்சுக்கா.”

நான் சிரித்தேன். வாய்விட்டே சிரித்தேன். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்தச் சிரிப்பைத் திரும்ப வாங்கிக்கொள்ள முடியுமென்றால் இந்த வாரம் இதை எழுத வேண்டிய அவசியமே இருந்திருக்காது.

இந்தப் பத்திரிகையில் நான் எழுதிய போன வாரப் பகுதியைப் படித்துவிட்டு தஞ்சோங் காராங் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். ‘கம்ப்யூட்டர் வேலை நிம்மதியான வேலை. யாருக்கும் ஒரு கீறல்கூட விழாது. நீங்கள் கொடுத்துவைத்தவர்’ என்று. அம்மா, நல்ல மனசோடு எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அந்த வரி நாலு நாளாக என்னை உறுத்துகிறது. அதனால் இந்த வாரம் சொல்ல நினைத்திருந்ததை ஓரமாக வைத்துவிட்டு இதைச் சொல்கிறேன்.

பொட்டிக்குள்ளே என்ன

செல்வமும் நானும் ரவாங்கில் ஒரு சின்னக் கம்பெனியில் வேலை செய்தோம். தோட்டங்களுக்கும் வயல்களுக்கும் தண்ணீர்க் கதவுகளை இயக்கும் பொட்டிகளைச் செய்து கொடுக்கும் கம்பெனி. கடலோரத் தோட்டங்களைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கதவுகள் தெரியும். கடல் வற்றும்போது கதவைத் தூக்கினால் தோட்டத்து வடிகால் தண்ணீர் வெளியே ஓடும். ஆயர் பாசாங் வந்து கடல் ஏறும்போது கதவை இறக்க வேண்டும். இல்லையென்றால் உப்புத் தண்ணீர் செம்பனை மரத்தடிக்கு வந்துவிடும்.

முன்பு இதற்கென்று ஓர் ஆள் இருப்பார். பிறகு எங்கள் பொட்டி வந்தது.

பொட்டிக்குள் ஓடும் நிரலை எழுதுவது செல்வம் மாதிரி ஆட்களின் வேலை. எழுதிய பிறகு தோட்டம் தோட்டமாகப் போய்ப் பொட்டியை மாட்டி, சேற்றில் இறங்கி, அட்டைக்கடி வாங்கித் திரும்புவதும் அவர்கள்தான். நான் ஏர்கோனில் உட்கார்ந்திருந்தவள். அவர்கள் எழுதும் வரிகளை எந்திரத்துக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றிக் கொடுக்கும் மென்பொருள் இருக்கிறதே, கம்பைலர், அது நான் செய்தது. தமிழில் தொகுப்பி என்கிறார்கள். எங்கள் ஆபீசில் அது ‘விமலாக்காவோட கம்பைலர்’தான்.

மூன்று வருடம் தனியாளாக உட்கார்ந்து செய்தேன். பொட்டிக்குள் இருந்த சில்லு ரொம்பச் சின்னது. அதில் ஒவ்வொரு கட்டளையும் இடம் பிடிக்கும். தேவையில்லாத கட்டளைகளைக் கண்டுபிடித்து வெட்டுவதில் என் கம்பைலர் கெட்டிக்காரி. தோட்டத்து லயத்தில் பிறந்த பிள்ளை செய்த கம்பைலர் என்று எனக்கு உள்ளூர ஒரு கர்வம். உள்ளூர என்ன, வெளியிலேயே இருந்தது. என்னைக் குறை சொன்னால்கூடப் பொறுத்துக்கொள்வேன், அதைச் சொன்னால் எரிந்து விழுவேன்.

அதைத்தான் செல்வம் கறிபாப்போடு வந்து குறை சொன்னான்.

எட்டு விளக்குகள்

என்ன நடந்தது என்பதைப் பொறுமையாகச் சொல்கிறேன். கணினி தெரியாதவர்களும் என்னோடு வரலாம்.

கதவில் இருக்கும் ஓர் உணரி ஒயர் வழியாகப் பொட்டிக்குச் சேதி அனுப்பும். அந்தச் சேதியை எட்டுச் சின்ன விளக்குகள் வரிசையாக இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் எரியலாம், அணையலாம். எட்டு விளக்கை வைத்து இருநூற்று ஐம்பத்தாறு விதமாக எரிய வைக்கலாம். ஆனால் கதவுக்கு வேண்டியது மூன்றே விதம். ஒன்று, மூடியிருக்கிறது. இரண்டு, திறந்திருக்கிறது. மூன்று, ஏறிக்கொண்டிருக்கிறது. மிச்சமுள்ள இருநூற்று ஐம்பத்து மூன்றுக்கும் அர்த்தமே கிடையாது.

செல்வம் தன் நிரலில் கம்பைலரிடம் ஒன்று சொல்லியிருந்தான். ‘இந்த எட்டு விளக்கையும் கதவின் நிலை என்ற வகையாக எடுத்துக்கொள்’ என்று. எங்கள் மொழியில் அது ஒரே ஒரு சொல். அதற்கப்புறம் வரிசையாகக் கேள்வி கேட்டிருந்தான். மூடியிருக்கிறதா? அப்படியானால் காத்திரு. திறந்திருக்கிறதா? கடல் ஏறினால் இறக்கு. ஏறிக்கொண்டிருக்கிறதா? அப்படியானால் மோட்டாரை ஓடவிடு. கடைசியாக நான்காவதாக ஒரு வரி: இந்த மூன்றும் இல்லையென்றால் மோட்டாரை நிறுத்து, சைரன் அடி.

அந்த நாலாவது வரியைத்தான் என் கம்பைலர் வெட்டிவிட்டது.

ஏன் வெட்டியது? கதவின் நிலை என்ற வகைக்கு மூன்றே பெயர்தான் உண்டு. நான்காவது ஒன்று வரவே முடியாது. வரவே முடியாததற்கு எதற்கு ஒரு வரி? அதோடு நிற்கவில்லை. முதல் இரண்டும் இல்லையென்றால் மிச்சம் மூன்றாவதுதானே, அதைக் கேட்பானேன் என்று மூன்றாவது கேள்வியையும் தூக்கிவிட்டது. மூடியில்லை, திறந்தும் இல்லை என்றால், கேள்வியே இல்லாமல் மோட்டாரை ஓட்டு.

மொத்தம் நாலைந்து கட்டளை மிச்சம். அன்றைக்கு அதை நான் சாமர்த்தியம் என்று நினைத்திருந்தேன்.

“ஒயர் அத்துப் போனா எட்டு விளக்கும் எரியுதுக்கா,” என்றான் செல்வம். “நான் டெஸ்ட் பண்ணிப் பார்த்தேன். சைரன் அடிக்கணும், அடிக்கல. மோட்டார் பாட்டுக்கு ஓடுது.”

“எட்டும் எரியறதுக்கு ஒரு பேரு இருக்கா உன் வகையில?”

“இல்ல.”

“அப்பறம் பேரே இல்லாத ஒன்ன அந்த வகையா எடுத்துக்கன்னு நீ ஏன் சொன்ன? எண்ணா இருக்கும்போதே சோதிச்சிருக்கணும். சோதிச்சிட்டு அப்பறம்தான் வகையா மாத்தணும். கையேட்டுல எழுதி வச்சிருக்கேன்ல? பெயரில்லாத விளக்கு வரிசையை வகையாக எடுத்துக்கொண்டால் என்ன வேண்டுமானாலும் நடக்கலாம்னு?”

“படிச்சேங்க்கா. ஆனா நான்தான் நாலாவது வரி போட்டிருக்கேனே. அது வரும்னு தெரிஞ்சுதானே போட்டிருக்கேன். தெரியாதவன் மாதிரி அத வெட்டிப் போட்டா எப்படி லா? வெட்டுறதுக்கு முன்னாடி ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?”

நியாயமான கேள்வி. இப்போது தெரிகிறது. அன்றைக்கு எனக்குக் காது அடைத்துக்கொண்டது.

“ரிப்போர்ட் போடு, பார்க்கிறேன்” என்றேன். போட்டான். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து திறந்து பார்த்தேன். கீழே இரண்டு வார்த்தை எழுதினேன்: பிழை இல்லை. மூடு என்ற பொத்தானை அழுத்தினேன்.

அவன் கொண்டுவந்த கறிபாப்பையும் தின்றேன். திமிரைப் பாருங்கள்.

தலை எண்ணும் மண்டோர்

இந்த இடத்தில் என் அப்பாவைப் பற்றிச் சொல்லாமல் போக முடியவில்லை. அவர் தோட்டத்தில் ஆட்களைக் கண்காணிக்கும் மண்டோராக இருந்தவர். முந்தைய பகுதிகளில் அவருடைய முன்கோபத்தைப் பற்றி நிறையவே எழுதிவிட்டேன். இது வேறு.

தோட்டத்தில் காலைப் பெரட்டு தெரியுமல்லவா? வேலைக்குப் போகும் முன் எல்லாரும் ஆபீஸ் வாசலில் வரிசையாக நிற்க வேண்டும். கிராணி, அதாவது ஆபீஸ் குமாஸ்தா, பேரேட்டைப் பார்த்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். ‘வந்தேங்க’ என்று குரல் வரும். கடைசிப் பெயர் முடிந்ததும் பேரேட்டைப் பட்டென்று மூடுவார். நிமிர்ந்து பார்க்க மாட்டார்.

அப்பாவுக்கு ஒரு வழக்கம் இருந்தது. கிராணி பேரேட்டை மூடிய பிறகு இவர் வரிசை ஓரமாக நடந்து, விரலை நீட்டித் தலைகளை எண்ணுவார். பெயர் கூப்பிட்டாயிற்று, அப்புறம் எதற்கு எண்ணுகிறாய் என்று கிராணிக்கு எரிச்சல். வேலை தாமதமாகிறதாம். இரண்டு பேருக்கும் இதனாலேயே முட்டிக்கொள்ளும்.

அந்த வழக்கம் எப்படி வந்தது என்று அம்மா சொல்லியிருக்கிறார். வேறு தோட்டத்திலிருந்து புதிதாக வந்த ஒருவர் வரிசையில் நின்றிருக்கிறார். அவர் பெயர் இன்னும் பேரேட்டில் ஏறவில்லை. மற்றவர்களோடு காட்டுக்குப் போனவர் வடிகாலில் விழுந்து காலை முறித்துக்கொண்டார். சாயங்காலம் யாரும் தேடவில்லை. பேரேட்டில் இருந்த எல்லாரும் திரும்பி வந்துவிட்டார்களே, யாரைத் தேடுவது? மறுநாள் காலையில் புல் வெட்டப் போன பெண்கள்தான் முனகல் சத்தம் கேட்டுத் தூக்கி வந்தார்கள். அவர் அப்பாவின் பொறுப்பில் இருந்த வெட்டில் வேலை செய்தவர். அதற்கப்புறம் அப்பா தலை எண்ணாமல் ஒருநாளும் ஆட்களைக் காட்டுக்குள் விட்டதில்லை.

“பேரு முடிஞ்சிருச்சி, சரி. தல முடிஞ்சிருச்சான்னு பார்க்க வேணாமா?” என்று கிராணியிடம் கத்துவார். பள்ளிக்கூடச் சட்டையோடு நின்று நான் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன்.

செல்வத்தின் நாலாவது வரி அந்தத் தலை எண்ணுவதுதான். பெயர்களைக் கூப்பிட்ட பிறகு, பெயர் இல்லாத எவராவது நிற்கிறாரா என்று ஒரு பார்வை. மண்டோர் மகளான நான் மூன்று வருடம் பாடுபட்டு ஒரு கிராணியைச் செய்து வைத்திருந்தேன். அதிலும் மண்டோர் எண்ண வந்தால் கையைத் தட்டிவிடும் கிராணி. அன்றைக்கு இது என் மண்டையில் உறைக்கவே இல்லை.

பாக்கியம் அக்காவின் பசு

சில மாதம் போயிருக்கும். பெரிய ஆயர் பாசாங் வரும் நாட்கள். சுங்கை ஆயர் தாவார் பக்கத்தில் கடலோரத் தோட்டம் ஒன்றில் எங்கள் பொட்டி மாட்டிய கதவின் ஒயரை உப்பு அரித்துவிட்டது. பட்டப்பகல். கடல் ஏறி உச்சத்தில் நிற்கிறது. ஆட்கள் எல்லாம் வெட்டுக்காட்டில். எட்டு விளக்கும் எரிந்தன. மூடியிருக்கிறதா? இல்லை. திறந்திருக்கிறதா? இல்லை. சரி, மோட்டாரை ஓட்டு.

கதவு நிதானமாக மேலே ஏறி நின்றது. சைரன் அடிக்கவில்லை.

மறுநாள் மேனேஜர், செல்வம், நான் மூவரும் போனோம். அந்தத் தோட்டத்துக்கு நான் போனது அதுதான் முதல் தடவை. ஆபீஸ் சப்பாத்தோடு இறங்கினேன். சேறு கணுக்கால் வரை ஏறியது. தாழ்வான பக்கத்து லயத்துச் சுவர்களில் இடுப்பு உயரத்துக்கு ஈரக்கோடு. வாசலெல்லாம் பாய், தலையணை, பள்ளிக்கூடப் புத்தகம் காயப் போட்டிருந்தார்கள். காற்றில் கடல் நாற்றம். கத்தரிச் செடிகள் அதற்குள் கருகத் தொடங்கியிருந்தன.

லயத்துக்குப் பின்னால் ஒரு மாட்டுக் கொட்டகை. பாக்கியம் அக்கா என்ற அம்மாவுடையது. காலையில் பசுவையும் கன்றையும் கட்டிப் போட்டுவிட்டு வேலைக்குப் போயிருக்கிறார். தண்ணீர் வந்தபோது அவிழ்த்துவிட ஆளில்லை. கன்று கயிற்றை அறுத்துக்கொண்டு பண்டின் கரைமேட்டில் ஏறிவிட்டது. பசு ஏறவில்லை. நாங்கள் போனபோது புதைத்து முடித்திருந்தார்கள். அறுபடாத கயிறு முளையில் அப்படியே கிடந்தது.

பாக்கியம் அக்கா எங்களைப் பார்த்ததும் நேராக வந்தார். செல்வம் பொட்டி மாட்ட வந்தபோது அவனுக்குப் பால் இல்லாத தே ஓ போட்டுக் கொடுத்தவராம். முகம் தெரிந்திருக்கிறது.

“நீதானே பொட்டி வச்ச? ஆளு வேணாம், பொட்டியே பாத்துக்கும்னு சொன்ன? என் லெச்சுமி கத்திக் கத்திச் செத்திருக்குடா! சைரன் அடிக்கும்னு சொன்னியே, எங்கடா அடிச்சிச்சு? நல்லா இருப்பியா நீ?”

செல்வம் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். நான் அவனுக்கு ஓரடி தள்ளி நின்றேன். பாக்கியம் அக்கா என்னைப் பார்க்கவே இல்லை. நான் யார் என்று அவருக்கு எப்படித் தெரியும்? நானும் சொல்லவில்லை. சப்பாத்தில் ஒட்டிய சேற்றைத் துடைப்பதில் மும்முரமாக இருப்பதுபோல் பாவனை செய்துகொண்டிருந்தேன்.

உண்மைதான் சொன்னேன்

ஆபீசில் விசாரணை. மேனேஜர் என்னைப் பார்த்துக் கேட்டார்:

“விமலா, தெளிவா சொல்லுங்க. கம்பைலர் தப்பா, புரோகிராம் தப்பா?”

எதிரே செல்வம். அவன் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். தான் ரிப்போர்ட் போட்டதை நான் சொல்வேன் என்று காத்திருந்தான். தானாகச் சொன்னால் பழியை அக்கா மேல் போடுவதுபோல் ஆகிவிடும் என்று நினைத்தானோ என்னவோ. அப்படிப்பட்ட சுபாவம் அவனுக்கு.

“விதிப்படி பார்த்தா புரோகிராம்தான் தப்பு,” என்றேன். “சோதிக்காம வகையா மாத்தியிருக்கு.”

அது உண்மை. இன்றைக்கும் எந்தக் கணினி நிபுணரைக் கூப்பிட்டுக் கேட்டாலும் அது உண்மை என்றுதான் சொல்வார். அந்த உண்மைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு மற்றதையெல்லாம் விழுங்கிவிட்டேன். செல்வம் கண்ணைத் தாழ்த்திக்கொண்டான். அந்த வாரக் கடைசியிலேயே அவனை ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார்கள். அவனுக்கு அப்போது இரண்டு குழந்தைகள். சின்னது கைக்குழந்தை.

போகும்போது என் மேசைக்கு வந்தான். “வரேங்க்கா” என்றான். “பார்த்துப் போப்பா” என்றேன். அவ்வளவுதான். என்ன ஜென்மம் நான்!

அரை நாள் வேலை

அவன் போன பிறகு பல நாள் நான் அந்தப் பகுதியைத் தொடவில்லை. தொட்டால் ஒத்துக்கொண்டதாகிவிடும் என்று ஒரு வீம்பு. பிறகு ஒரு காலையில் யாரிடமும் சொல்லாமல் உட்கார்ந்து மாற்றினேன். அரை நாள்கூட முழுசாக ஆகவில்லை.

இப்போது என் கம்பைலர் இப்படிச் செய்யும். ‘இதை இந்த வகையாக எடுத்துக்கொள்’ என்று யாராவது சொன்னால், எடுத்துக்கொள்ளும் இடத்திலேயே நின்று பார்க்கும். பெயருள்ள விளக்கு வரிசையா? போ. பெயர் இல்லாததா? அங்கேயே நில். அதற்கு என்ன செய்ய வேண்டும் என்று எழுதியவர் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாவிட்டால் நிரலை மாற்றித் தரவே மாட்டேன் என்று அடம் பிடிக்கும். ஒருவர் எழுதிய வரியைத் தேவையில்லை என்று வெட்டுவதாக இருந்தால், ‘உன்னுடைய இந்த வரியை வெட்டப் போகிறேன்’ என்று முகத்துக்கு நேராகச் சொல்லும்.

இதில் எங்கள் உலகத்தில் பெரிய சண்டையே உண்டு. ஒரு சாரார், தவறான விளக்கு வரிசை வந்தால் அதற்குக் கம்பைலர் பொறுப்பில்லை, என்ன வேண்டுமானாலும் நடக்கட்டும் என்பார்கள். அப்போதுதான் வேகமாக ஓடும் நிரலைச் செய்ய முடியுமாம். இன்னொரு சாரார், அர்த்தம் இருக்கிறதோ இல்லையோ, விளக்கு எப்படி எரிந்ததோ அப்படியே வைத்துக்கொள், உன் கற்பனையைச் சேர்க்காதே என்பார்கள். என்னைப் போன்றவர்கள் வாசலிலேயே நிறுத்திவிடச் சொல்கிறோம்.

இப்போது ஆபீசில் இருக்கும் பிள்ளைகள் என்னிடம் சொல்வார்கள், “ஆன்ட்டி, எல்லா இடத்துலயும் செக் பண்ணா ஸ்லோ ஆயிடும் லா. ரூல் படி எழுதாதவன் மேலதானே மிஸ்டேக்?” புத்திசாலிப் பிள்ளைகள். நான் பேசிய அதே பேச்சு. ‘எவ்வளவு ஸ்லோ ஆகும்? அளந்து பார்த்துச் சொல்லு’ என்பேன். எங்கள் பொட்டியில் அளந்தும் காட்டினேன். கண் இமைப்பதற்குள் ஆயிரக்கணக்கான தடவை சோதித்து முடித்துவிடும். தண்ணீர்க் கதவுக்கு என்ன அவசரம்? கடலே ஆறு மணி நேரம் எடுத்துக்கொண்டுதான் ஏறுகிறது.

விதியை மீறியவர் மேல் தவறு இருக்கலாம். ஆனால் ஒயர் எந்தக் கையேட்டைப் படித்துவிட்டு அறுகிறது?

அசாம் ஜாவாவில்

இவ்வளவு மாற்றிய பிறகும் செல்வத்தைப் போய்ப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. வருடக்கணக்காகத் தள்ளிப் போட்டேன். அண்மையில்தான் போனேன். அசாம் ஜாவாவில் கடை வரிசையின் கடைசியில் துணி துவைக்கும் எந்திரம் பழுது பார்க்கிறான். நெற்றி ஏறியிருந்தது. என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தான்.

“வாங்கக்கா. பசியாறிட்டீங்களா?”

நான் கறிபாப் வாங்கிக்கொண்டு போயிருந்தேன். அதைக் கொடுக்கவே வெட்கமாக இருந்தது.

உட்கார்ந்ததும் எல்லாவற்றையும் கொட்டினேன். கம்பைலரை மாற்றியதை, எப்படி மாற்றினேன் என்பதை, சைரன் வரி இனி ஒருபோதும் காணாமல் போகாது என்பதை. ஏதோ பரிசு வாங்கி வந்த பிள்ளை மாதிரி விவரித்துக்கொண்டே போனேன். அவன் குறுக்கே பேசாமல் கேட்டான். முடித்ததும்,

“நல்லதுக்கா. நல்ல வேல செஞ்சிருக்கீங்க,” என்றான். பிறகு, “அந்த ரிப்போர்ட்ட மாத்தினீங்களா?” என்று கேட்டான்.

“எந்த ரிப்போர்ட்?”

“நான் போட்டது. பிழை இல்லைன்னு எழுதி மூடினீங்களே, அது.”

அதைப் பற்றி நினைத்துக்கூடப் பார்த்ததில்லை.

“அக்கா, ஒன்னு சொல்றேன், தப்பா நெனைக்காதீங்க. நீங்க சொல்லிக் கொடுத்த மாதிரி அன்னைக்கே புரோகிராம மாத்திட்டேன். ஆனா தோட்டத்துல மாட்டின பழைய பொட்டிங்க இருக்கே? ஒவ்வொன்னா போயி ஏத்தணும். லோரி வேணும்னு மேனேஜர்கிட்ட கேட்டேன். அவரு ரிப்போர்ட்டத் தொறந்து பார்த்தாரு. ‘பிழை இல்லன்னு விமலா போட்டிருக்காங்களே, அப்பறம் எதுக்குப் போற?’ன்னாரு. நாலு தடவ கேட்டேன்க்கா. விடல.”

கடைக்குள் ஒரு எந்திரம் தண்ணீரைக் கக்கிக்கொண்டு சுற்றியது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பசு செத்தது ஒயர் அறுந்ததால் என்று நினைத்திருந்தேன். கம்பைலரால் என்றும் நினைத்து அழுதிருக்கிறேன். இல்லை. சாப்பிட்டுவிட்டு வந்து அரை நிமிடத்தில் நான் தட்டிய இரண்டு வார்த்தையால்.

“அன்னைக்கு மீட்டிங்ல இத ஏன் சொல்லல நீ?”

“மேனேஜரே தெரியாத மாதிரி இருந்தாரு. நீங்க சொல்வீங்கன்னு பார்த்தேன்,” என்றான். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். “அப்பறம் ரெண்டு எடத்துல வேல கேட்டேன். ரெண்டு பேரும் பழைய ஆபீசுக்குப் போன் போட்டாங்க. புரோகிராம் தப்பாப் போட்டு வெள்ளம் வந்துச்சுன்னு பதில். போதும்டா சாமின்னு இதுக்கு வந்துட்டேன். அது போகட்டும். ஆனா அந்தம்மா இருக்காங்களே, மாட்டுக்காரம்மா, அவங்க நான்தான் ஏமாத்துனேன்னு நெனைச்சிட்டு இருப்பாங்க. அதுதான்க்கா மனசுல நிக்குது.”

மூடியது மூடியதுதான்

மறுநாள் ஆபீசில் பழைய ரிப்போர்ட்டைத் தேடி எடுத்தேன். கம்பெனி கைமாறி, எல்லாம் புது இடத்துக்குப் போய்விட்டது. பழையவற்றைப் படிக்கலாம், எழுத முடியாது. கணினிப் பிரிவுப் பையனிடம் கேட்டுப் பார்த்தேன். “லாக் பண்ணியாச்சு ஆன்ட்டி. யாராலயும் தொட முடியாது” என்றான்.

திரையில் செல்வம் எழுதியது இருந்தது. ‘ஒயர் அறுந்தால் சைரன் அடிக்கவில்லை. சோதிக்கும் வரி காணாமல் போகிறது. கடலோரத் தோட்டங்களில் ஆபத்து. தயவுசெய்து பார்க்கவும்.’ ஆபத்து என்று எழுதியிருக்கிறான். அன்றைக்கு அந்தச் சொல் என் கண்ணில் படவே இல்லை. அதன் கீழே: பிழை இல்லை. அதன் கீழே என் பெயர்.

செல்வத்துக்குப் போன் செய்து சொன்னேன். “அத மாத்த முடியலப்பா. ஆனா நான் வாரப் பத்திரிகையில எழுதறேன்ல, அதுல எழுதட்டா? உன் பேரு போடாம எழுதறேன்.”

அவன் கடை எந்திரத்தை அணைக்கும் சத்தம் கேட்டது.

“பேரு போட்டு எழுதுங்கக்கா,” என்றான். “முழுப் பேரு.”

ஆகவே, முழுப் பெயரோடு எழுதுகிறேன். செல்வராஜு த/பெ முனியாண்டி அன்றைக்கு அனுப்பிய ரிப்போர்ட் சரியானது. ஆபத்து வரும் என்று முன்பே கண்டுபிடித்துச் சொன்னவர் அவர் ஒருவர்தான். அது பிழை. பிழை அவருடையதல்ல, என்னுடையது.

சுங்கை ஆயர் தாவார் பக்கத்தில் இருக்கும் பாக்கியம் அக்காவுக்கு யாராவது இதைப் படித்துக் காட்டுங்கள். அக்கா, அன்றைக்கு நீங்கள் ஆள் மாற்றித் திட்டிவிட்டீர்கள். பக்கத்தில் சப்பாத்தைத் துடைத்துக்கொண்டு நின்றாளே ஒருத்தி, அவள்தான் நான்.